பதினோரு காரணங்கள்

மடத்து அடிகளுக்கு நாற்பது வயது. அவரிடம் பாடம் கேட்க வந்த தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு. தாலுகா அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவர்.

அவருடைய தம்பி சம்பந்தத்துக்கு மனநலம் சரியில்லை. எட்டு மாதமாகக் கடலூர்ப் பக்கம் ஒரு காப்பகத்தில் இருக்கிறான். அவனுக்கு ஏன் இப்படி ஆயிற்று என்பதைத் தவிர தணிகாசலம் அடிகளிடம் வேறெதையும் கேட்டதில்லை.

அன்று காலை அடிகள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தணிகாசலம் ஒரு தாளோடு வந்து நின்றார்.

"சாமி, முடிச்சுட்டேன். பதினோரு காரணம்."

"போன வாரம் ஒன்பதுன்னீங்க."

"ரெண்டு புதுசாக் கிடைச்சுது. அம்மா வழிப் பாட்டனுக்கும் இருந்திருக்கு. அப்புறம் சின்ன வயசுல தலையில..."

"மீதி எனக்கு மனப்பாடம். அப்பா அடிச்சது, மில் மூடினது, குடி, சம்சாரம் போனது, தூக்கமில்லாதது, இன்னும் நாலு." அடிகள் ஒரு தண்டை ஒடித்தார். "தம்பி இப்ப சாப்பிடறாரா?"

"அது தெரியல சாமி."

"தூங்கறாரா?"

"அதுவும் தெரியல. இதுல எது மூல காரணம்னு சாமி சொல்லிட்டாப் போதும். கோப்பை மூடிடலாம்."

"அவரைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"சேர்த்த அன்னிக்கு." தணிகாசலம் தாளை மடித்தார், பிரித்தார். "எனக்கும் அதே ரத்தம்தானே சாமி. அவன் முகத்தைப் பார்த்தா எனக்கும் வந்துடுமோன்னு பயமா இருக்கு. காரணம் தெரிஞ்சா தைரியமாப் போவேன்."

எட்டு மாதத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் விஷயம் அதுதான். அடிகளின் எரிச்சல் பாதி இறங்கியது. மீதி அப்படியே இருந்தது.

"பேனாவைக் கொடுங்க."

தாளின் கடைசியில் அடிகள் பன்னிரண்டு என்று எண் போட்டு எழுதினார்: அண்ணன் வந்து பார்க்கவில்லை.

தணிகாசலம் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது தப்பு சாமி. நோவு முன்னாடி வந்தது. நான் போகாதது பின்னாடி. இதைக் காரணத்துல சேர்க்க முடியாது."

"சரி, முடியாது. மேல இருக்கற பதினொண்ணுல எதையாவது உங்களால அழிக்க முடியுமா?"

தணிகாசலம் தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பாட்டன் செத்து ஐம்பது வருஷம். மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது.

"முடியாது சாமி."

அடிகள் கீரைக்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கடலூர் பஸ் பத்தேகாலுக்கு. பன்னிரண்டாவதை அழிச்சுட்டு வாங்க."