களை வைத்தது யார்?

மேலக்குளம் ஜமீன்தாருக்குத் தோட்டத்து எருக்கும் ஆவாரையும் கண்ணை உறுத்தின. அத்தனையும் பின்சுவருக்கு வெளியே போயின. கப்பலில் வந்த செடிகள் வரிசை கட்டி நின்றன. மறுவருஷம், பட்டாம்பூச்சி என்றால் உயிரை விடும் ராஜா விருந்துக்கு வருவதாகச் சேதி வந்தது.

தோட்டக்காரி மாடத்திக்கு உத்தரவு பறந்தது. "பட்டாம்பூச்சி மொய்க்கணும். ஆனா ஒரு இலையிலயும் புழு இருக்கப்படாது. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

"பிள்ளை வேண்டாம், பேரன் மட்டும் வேணுங்கீகளே எசமான்!" என்றாள் மாடத்தி. "சரி, வரச் சொல்லுங்க."

ராஜா வந்தார். கப்பல் செடிகளில் ஓர் ஈகூட இல்லை. அவர் முகம் சுண்டுமுன் மாடத்தி பின்கதவைத் திறந்துவிட்டாள். வெளியே எறிந்த செடிகளின் விதைகள் முளைத்துப் புதராகிப் பூத்திருந்தன. மேலே மஞ்சளும் செம்மஞ்சளுமாய்ப் பட்டாம்பூச்சிக் கூட்டம்.

"அடடா! இது யார் போட்ட தோட்டம்?"

"நான்தான்!" ஜமீன்தார் முந்திக்கொண்டார்.

"உள்ளே ஓர் ஈகூட அண்டாமல் வரிசையாய்க் கிடக்கும் அந்தக் களை?" என்றார் ராஜா.

"அது... இந்த மாடத்தி வச்சது."

மாடத்தி பவ்யமாகக் கும்பிட்டாள். "தப்புதான் எசமான். நான் வச்ச களையை இப்பவே பிடுங்கிருதேன்."

ராஜா பார்த்துக்கொண்டிருந்தார். ஜமீன்தார் தலையாட்டினார்.