நெஞ்சைப் படித்த ஒற்றைக்கண் புலி

ஆற்றை ஒட்டிய காட்டில் ஒற்றைக்கண் புலி ஒன்று அரசாண்டது. குட்டியாக இருந்தபோது சொந்தக் கூட்டமே அதைப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. அப்போது போன கண் அது. மான்களும் முயல்களும்தான் அதை ஒளித்துவைத்துக் காப்பாற்றின.

அந்த நன்றியை அது நெடுநாள் மறக்கவில்லை. காட்டைச் சூறையாடிய செந்நாய்களை விரட்டியடித்தது. மழையில் எல்லாரோடும் நனைந்தது. பஞ்சத்தில் எல்லாரோடும் பட்டினி கிடந்தது. "அரசன் என்றால் இவனல்லவா அரசன்!" என்று காடே கொண்டாடியது.

ஆற்றுத்துறையைக் காத்தது ஒரு நீர்நாய். எங்கே ஆழம், எங்கே முதலை என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. புலி அக்கரைக்குப் போகும்போதெல்லாம் அதுதான் முன்னே நீந்தி வழிகாட்டும். புலிக்காக உயிரையும் கொடுத்திருக்கும்.

காடு முழுவதும் கைக்கு வந்ததும் புலிக்குத் தூக்கம் போயிற்று. இலை அசைந்தாலும் சதி என்றது. ஒருநாள் சபையைக் கூட்டி, "என் குருட்டுக் கண்ணுக்கு இப்போது உங்கள் நெஞ்சு தெரிகிறது!" என்றது.

முதலில் கடமானைக் கூப்பிட்டது.

"எனக்கு எதிராக நினைத்தாய் அல்லவா?"

"ஐயோ, இல்லை அரசே! சத்தியமாக இல்லை!"

"பொய் வேறா!"

ஒரே அடி. கடமான் சரிந்தது. அடுத்து வந்த கரடியும் "இல்லை" என்றது, அதுவும் செத்தது. "போதும், நிறுத்துங்கள்!" என்று காலில் விழுந்த தன் பெண்புலியையும் அது விட்டுவைக்கவில்லை.

பிறகு நீர்நாயின் முறை வந்தது. சபைச் சேவகனான முள்ளம்பன்றி ஒரு முள்ளைக் கீழே உதிர்த்தது. அதை எடுப்பதுபோல் குனிந்து, "ஒப்புக்கொள், அண்ணே! இல்லையென்றால் தொலைந்தாய்!" என்று காதில் ஓதியது.

"உன் நெஞ்சில் துரோகம் தெரிகிறதே!" என்றது புலி.

நீர்நாய் தலையைத் தரையில் பதித்தது. "ஆமாம் அரசே, நினைத்தேன். மன்னித்துவிடுங்கள்."

புலி உருண்டு புரண்டு சிரித்தது. "பார்த்தீர்களா! இந்தக் காட்டில் இவன் ஒருவன்தான் யோக்கியன். இனி இவன் துறையில் எவனும் மீன் தொடக் கூடாது!"

மற்ற விலங்குகளும் பிழைக்கும் வழியைக் கற்றுக்கொண்டன. காலையானால் குகை வாசலில் வரிசை.

"உங்களைக் கடித்துக் கொல்ல நினைத்தேன், அரசே!" என்றது அணில்.

"நான் முழுசாக விழுங்கவே நினைத்தேன்!" என்றது தவளை.

புலி பெருமையோடு தலையாட்டியது. யாரும் சிரிக்கத் துணியவில்லை.

நீர்நாய்க்குத்தான் நிம்மதியில்லை. அதுவரை அதன் மனத்தில் துரோகம் என்ற நினைப்பே வந்ததில்லை. வாய்விட்டுச் சொன்ன பிறகு அந்த நினைப்பு அதைவிட்டுப் போகவில்லை.

ஒருநாள் மாலை புலி சொன்னது: "நாளைக் காலை அக்கரையில் வேட்டை. திரும்பியதும் உன் குட்டிகளைக் கூட்டி வா. அவற்றின் நெஞ்சையும் பார்க்க வேண்டும்."

"சின்னஞ்சிறுசுகள், அரசே! அதுகளுக்கு என்ன தெரியும்?"

"அதைத்தானே பார்க்கப் போகிறேன்!"

வளைக்குத் திரும்பிய நீர்நாய் குட்டிகளை எதிரே உட்காரவைத்தது. "அரசர் கேட்டால், கெட்டது நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். சரியா? எங்கே, சொல்லுங்கள் பார்க்கலாம்."

"நாங்கள் நினைக்கவே இல்லையே அப்பா!" என்றது பெரிய குட்டி.

"எனக்கு அரசரை ரொம்பப் பிடிக்கும்!" என்றது சின்னது.

திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தும் பயனில்லை. இரண்டுக்கும் பொய் வரவில்லை.

காலையில் புலி ஆற்றங்கரைக்கு வந்தது. வழக்கம்போல் வேடிக்கையாகக் கேட்டது: "என்னடா, இன்றைக்கு உன் நெஞ்சில் என்ன?"

"உங்களை முதலை மடுவுக்குக் கூட்டிப் போகிறேன், அரசே."

"அது எனக்கு அப்போதே தெரியுமே! சபாஷ்! நட, நட!"

நீர்நாய் நின்று திரும்பிப் பார்த்தது. "மெய்யாகவே சொல்கிறேன், அரசே."

"நீ என்றைக்கடா பொய் சொன்னாய்!" என்று சிரித்துக்கொண்டே புலி தண்ணீரில் இறங்கியது.

நடு ஆற்றில் தண்ணீர் கொதிப்பதுபோல் புரண்டது. பிறகு சிவந்தது. நீர்நாய் மட்டும் கரையேறியது.

அன்று காடு கூத்தாடியது. முள்ளம்பன்றி வந்து, "வா, அண்ணே! உன்னைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள்!" என்று கூப்பிட்டது. நீர்நாய் போகவில்லை. குட்டிகளை அணைத்தபடி வளைக்குள்ளேயே கிடந்தது.

நினைக்காத குற்றத்தை மிரட்டி ஒப்புக்கொள்ள வைப்பவன், அந்தக் குற்றத்தைத் தன் கையாலேயே விதைக்கிறான்.