முழத்துக்கு நூறு வருஷம்

முன்னொரு காலத்தில், மழை பெய்தால் குடையைத் திட்டுகிற ராஜா ஒருவன் ஆவல்நாட்டை ஆண்டுவந்தான். பெயர் கொற்றவேலன். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. பக்கத்து நாட்டு ராஜா ஏதோ ஒரு முனிவர் பிறந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கோயில் கட்டிவிட்டான் என்று கேள்விப்பட்டதிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"தாலாட்டாகப் பாடி வைத்தாரே பூங்கழல் அடிகள், அவர் நம் நாட்டுக்காரர்தானே? எந்த இடத்தில் பிறந்தார்?" என்று சபையில் சீறினான்.

யாருக்குத் தெரியும்? அடிகள் பிறந்து எண்ணூறு வருஷம் ஆகிவிட்டது. ஆறு ஊர்க்காரர்கள் எங்கள் ஊர், எங்கள் ஊர் என்று சொந்தம் கொண்டாடினார்கள். அரண்மனைப் புராணிகர் சர்வோத்தமர் மட்டும் எழுந்து, "பத்தே நாளில் காட்டுகிறேன், மன்னா" என்றார். வேறு யாரையாவது அறிவாளி என்று ராஜா புகழ்ந்துவிட்டால் அன்று முழுக்கப் புளியேப்பம் விடுகிற ஆசாமி அவர்.

சொன்னபடி பத்தாம் நாள் பாசி படிந்த கல் ஒன்றோடு வந்தார். 'அடிகள் பிறந்த இடம் இதுவே' என்று அதில் வெட்டியிருந்தது. கூடை முடைகிறவர்களின் குடியிருப்பு நடுவே, எட்டு முழ ஆழத்தில் கிடைத்ததாம்.

ராஜா துள்ளிக் குதித்தான். "அந்த நாற்பது குடிசைகளையும் பௌர்ணமிக்குள் இடியுங்கள்! கோயில் எழும்பட்டும். சர்வோத்தமரே பரம்பரைத் தர்மகர்த்தா!"

அந்த நாற்பதில் ஒன்று கருத்தாயியின் குடிசை. கிணறு வெட்டிப் பிழைப்பவள். ஐந்து வருஷத்துக்கு முன் வெள்ளம் அவர்களுடைய பழைய தெருவையே கொண்டுபோயிருந்தது. 'ஆறு ஒருதரம் தின்னுச்சு, இப்ப அடிகள் பேரைச் சொல்லி ராசா தின்னப்போறாரா?' என்று அவள் வயிறு எரிந்தது. நேரே போய்ப் புராணிகர் தோண்டிய குழியை எட்டிப் பார்த்தாள். ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்தாள். இடத்தையும் நாலாபுறமும் நிதானித்துப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஏழை சொல் அம்பலம் ஏறாதே! அதனால் வேறொரு வழி யோசித்துக்கொண்டு சபைக்குப் போனாள்.

"மகாராசா, இது அடிகள் பொறந்த இடந்தான்னு வெளங்கிட்டா, என் குடிசையை நானே பிரிச்சுக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு."

"கல்லிலேயே எழுதியிருக்கிறதே, பெண்ணே!" என்றார் சர்வோத்தமர்.

"பொறந்த அன்னிக்கே இந்தப் புள்ள பின்னால அடிகளாகும்னு தெரிஞ்சு கல்லு வெட்டிட்டாங்களா, சாமி?"

சபையில் சிலர் மீசைக்குள் சிரித்தார்கள். சர்வோத்தமருக்கு மூக்கு சிவந்தது. "எழுத்தை விடு. ஆழம் பொய் சொல்லுமா? மண் முழத்துக்கு நூறு வருஷம் படியும். எட்டு முழம், எண்ணூறு வருஷம்!"

"எல்லாக் குழிக்கும் இதே கணக்குத்தானா? இந்தக் குழிக்கும்?"

"எல்லாக் குழிக்கும்! இன்னும் தோண்டினால் இன்னும் பழையது வரும். பொய்யானால் நான் தலையில் மண் சுமக்கிறேன்!"

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். மறுநாள் காலையிலேயே பரிவாரத்தோடு குழிக்கரைக்கு வந்து நின்றான். கருத்தாயி மண்வெட்டியோடு இறங்கினாள். இரண்டு முழம் தோண்டியதும் முதல் கூடை மேலே வந்தது. ராஜா தானே கையை விட்டு ஒரு மண் குவளையை எடுத்தான். மயில் முத்திரை, அதைச் சுற்றி எழுத்து. வாய்விட்டுப் படித்தான்: "கொற்றவேலன்... முடிசூட்டு விருந்து."

குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "பத்து முழம், மகாராசா! சாமி கணக்குல ஆயிரம் வருசம். அடிகள் பொறக்குறதுக்கு இருநூறு வருசம் முந்தியே உங்களுக்கு முடிசூட்டியாச்சு!"

"அரசர்கள் சிரஞ்சீவிகள்..." என்று இழுத்தார் சர்வோத்தமர்.

"வாயை மூடும். எனக்கு முப்பத்தெட்டு வயது."

அடுத்த கூடையில் நீளமான செம்புக் கரண்டி ஒன்று வந்தது. "ஐயோ, என் பாயசக் கரண்டி! ஏழு வருஷமாகத் தேடுகிறேனே!" என்று அரண்மனைச் சமையற்காரர் பாய்ந்து அதைக் கட்டிக்கொண்டார்.

கருத்தாயி மேலே ஏறி வந்தாள். "இது வத்திப்போன கிணறு, மகாராசா. உங்க முடிசூட்டு விருந்துக் குப்பையைக் கொட்டி, மேல மண்ணைப் போட்டு மூடினவ நாந்தான். நாங்க இங்க குடிவந்தது அதுக்கப்புறம். சாமியோட ஆளுங்க, மண்ணு இளக்கமா இருக்கேன்னு சோம்பேறித்தனமா இங்கயே தோண்டியிருக்காங்க. வெறும் ஆழத்தை வச்சு வயசு சொல்ல முடியுமா? மண்ணு ஏற்கெனவே பொரட்டினதா, கைபடாததா, கூட என்ன கெடக்குதுன்னு பாக்கணும்."

ராஜா அந்தக் கல்லைக் கட்டைவிரலால் தேய்த்தான். பாசி அப்படியே பெயர்ந்து வந்தது. அரிசிக் கஞ்சியால் ஒட்டியிருந்தார்கள். ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்படியானால் அடிகள் எங்கேதான் பிறந்தார், கருத்தாயி?"

"தெரியாது, மகாராசா. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னா என்ன கொறைஞ்சுபோச்சு? அவர் தாலாட்டைப் பாடித்தான் எங்க புள்ளைங்களைத் தூங்கவைக்கிறோம். அவர் பொறந்த எடம் தெரியாமலே அதுங்க நல்லாத் தூங்குதுங்க."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். நாற்பது மனைகளையும் அவர்களுக்கே செப்பேட்டில் எழுதித் தந்தான். இனி நாட்டில் மண்ணுக்குள்ளிருந்து எது வந்தாலும் கருத்தாயி பார்த்துச் சொன்னபிறகுதான் நம்புவேன் என்று முரசறைந்தான். "கிணற்றை மறுபடி வெட்டுங்கள். மண் சுமக்க ஆள் தயார்!" என்று சர்வோத்தமரையும் கைகாட்டினான்.

ஒன்பதாம் நாள் நீர் பீறிட்டது. குடியிருப்பே கூத்தாடியது. நாற்பது வீட்டுக் குடமும் நிறைந்தது. கருத்தாயி முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டு நிமிர்ந்தால், பக்கத்து வீட்டுப் பூவாத்தா கிணற்று மேட்டில் அகல் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"வத்தின கெணறு ஊறியிருக்கே, அக்கா! அடிகள் நெசமாவே இங்கதான் பொறந்திருப்பாரு."

"வெளக்கு நல்லா ஏத்து, வேணாங்கல. அதுக்காக யார் வீட்டையும் இடிக்காம இருந்தாச் சரி."

இதைக் கேட்டதும், சேறு வழிய நின்ற சர்வோத்தமர் தலைக் கூடையோடு நிமிர்ந்தார். "நான்தான் அன்றைக்கே சொன்னேனே..."

"சொன்னீங்க, சாமி," என்றாள் கருத்தாயி, அவர் கூடையில் இன்னும் இரண்டு வெட்டு மண்ணைப் போட்டபடி. "இதைக் கொட்டிட்டு வந்து மிச்சத்தைச் சொல்லுங்க."