உதிரி மல்லிகை

பழைய நூல் சேலையை மடியில் போட்டு, ஓரத்தைப் பல்லால் கடித்து, பட்டை பட்டையாகக் கிழித்துக்கொண்டிருந்தாள் துளசிமணி. பக்கத்தில் வாழை இலையில் மல்லிகைப்பூ உதிரியாகக் குவிந்து கிடந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு சிந்துஜா வந்து நின்றாள். காலேஜ் ஹாஸ்டலிலிருந்து வந்தவள் இன்னும் தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. ஊருக்கு மேற்கே இன்னும் மூன்று சாயப்பட்டறை வரலாமா கூடாதா என்று நாளைக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊர்ப்பிள்ளைகள் சார்பில் பேசப் போகிறவள் அவள்தான். மனு எழுதவும், அதிகாரி முகம் பார்த்துப் பேசவும் ஞாயிறுதோறும் அந்தப் பிள்ளைகளைப் பழக்கியவள் துளசிமணி.

"வா கண்ணு, உக்காரு."

"உங்க பொண்ணு கோகிலா பிரசவத்துக்கு வந்திருக்காங்கன்னு அம்மா போன வாரம் சொன்னாங்க. தொட்டில் துணிங்களாக்கா?"

துளசிமணி துணியைக் கிழித்தாள்.

"பூவை ஏங்க்கா கட்டாம வெச்சிருக்கீங்க? குடுங்க, நான் கட்டறேன். நீங்க கட்டினா பூவுக்குப் பூ ஒரு பர்லாங்கு இருக்கும்."

"கட்ட வேண்டாம். எழுதினதைப் படி."

நாலு பக்கம் படித்தாள் சிந்துஜா. கிணற்றில் எவ்வளவு உப்பு, எத்தனை தென்னை பட்டுப்போனது, எல்லாம் இருந்தது.

"பட்டறைக்காரங்க எட்டுப் பக்கம் கொண்டாருவாங்க" என்றாள் துளசிமணி.

"அதுகூடப் பரவாயில்லீங்க்கா. நாலு வருசத்துக்கு முன்னாடி அதிகாரி வீடு வீடா வந்து கேட்டப்ப, தண்ணீரில் குறை ஏதும் இல்லைன்னு ஊரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்குது. அதைத்தான் நாளைக்கு எடுத்து நீட்டுவாங்க. ஏன் போட்டாங்கன்னு கேட்டா நான் என்னங்க்கா சொல்லட்டும்?"

"உன்ற அக்காளை ஏன் பிரசவத்துக்குக் கூட்டிட்டு வரலை?"

சிந்துஜா தலையைக் குனிந்தாள். வளைகாப்பு முடிந்ததும் அக்காளைப் புகுந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள் அம்மா.

"வீட்டுல செவுரு எடுத்துக் கட்டறோம்னு சொல்லிட்டாங்க."

"கட்டறீங்களா?"

"இல்லீங்க."

"எதிர்த்த வீட்டுல?"

"மாமியாளுக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னாங்களாம்."

"அந்தம்மா எப்படி இருக்குது?"

"குத்துக்கல்லாட்டம் இருக்குது."

"அதைச் சொல்லு நாளைக்கு. இந்த வருசம் ஒரு வீட்டுக்குத்தான் பொண்ணு பிரசவத்துக்கு வந்தான்னு சொல்லு."

"அய்யோ, அம்மா என்னைக் கொன்னே போடுவாங்க. தண்ணி கெட்ட ஊருன்னு பேராச்சுன்னா நாளைக்கு எங்களை யாருங்க்கா கட்டுவாங்க? ஆவணியில எனக்குப் பாக்கறதா இருக்காங்க."

கிழித்துக்கொண்டிருந்த கை நின்றது.

அப்போதுதான் சிந்துஜா உள்ளே எட்டிப் பார்த்தாள். விட்டத்தில் கயிறு மட்டும் தொங்கியது. தொட்டில் இல்லை.

"குழந்தை பொறந்திருச்சுங்களா? எங்கீங்க்கா?"

"முந்தாநேத்து ஆஸ்பத்திரியிலயே போயிருச்சு. பால் நிக்க மாட்டேங்குது. மார்ல மல்லிகை வெச்சுக் கட்டினா வத்தும்பாங்க."

கையிலிருந்த தாள்களைச் சிந்துஜா மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"எந்தத் தண்ணி குடிச்சான்னு கேட்டாங்க. அதை எழுதிக் குடுங்கம்மான்னேன். குடுக்கலை."

துளசிமணி பூவை எண்ணுவது போலத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"கையெழுத்து ஏன் போட்டாங்கன்னு கேட்டியே. கோகிலாவைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்குத்தான் அந்த அதிகாரியும் வந்தாரு. வீதியில மொத வீடு இது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காப்பி டம்ளரோட என் மொகத்தையே பாக்கறாங்க. சிரிச்சுக்கிட்டே போட்டுக் குடுத்தேன். எனக்குக் கீழதான் ஊரே போட்டுது."

"அக்கா..."

"இரு. எட்டாம் மாசம் சம்பந்தியம்மா போன் பண்ணினாங்க. உங்க ஊருத் தண்ணியைப் பத்தி என்னமோ பேசிக்கறாங்களே, கோகிலா இங்கயே இருக்கட்டுங்களான்னாங்க. நான் கையெழுத்துப் போட்டதைப் பக்கத்துல இருந்து பாத்தவங்க அவங்க. நான் அதுக்கு என்ன சொன்னேன்னா..."

"அம்மா, இந்தத் துணியும் நனைஞ்சிருச்சு" என்று உள்ளேயிருந்து கோகிலா கூப்பிட்டாள்.