குழலுக்குள் விட்ட ஈர்க்குச்சி

தகரக் குழாய்க்குள் புளியங்கொட்டை உருள்வதைப் போன்ற சத்தம். கடகடவென்று ஓடி, டொக்கென்று நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓடியது. இருட்டிவிட்டிருந்தது. அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த எமல்டா முதலில் எலி என்றுதான் நினைத்தாள். எலி இப்படி முறை வைத்து ஓடாது என்று தோன்றியதும், அடுப்பை அணைத்துவிட்டுக் கணவனின் புத்தக அறைக்கு ஓடினாள்.

தரையில் அவளுடைய சின்ன மகள் ரியா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பழைய கைத்துப்பாக்கி. அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ப்பதும், உள்ளே எதுவோ உருளும்போதெல்லாம் சிரிப்பதுமாக இருந்தாள். குழலின் வாய் அவள் கழுத்துக்கு நேரே இருந்தது.

திண்டுக்கல்லில் நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எமல்டாவின் கணவன் அமலன் கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவன். பழைய வாள், கட்டாரி, துப்பாக்கி சேகரிப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருந்தான். எந்த முத்திரை எந்தப் பட்டறையைச் சேர்ந்தது, எது அசல், எது போலி என்று படத்தோடு சொல்லும் புத்தகம். படமெடுக்கச் சாமான் வேண்டுமே. ஊரில் அது வரதராஜுலு என்பவரிடம்தான் நிறைய இருந்தது. அவர் முதலில் இந்த ஒன்றை மட்டும் கொடுத்துப் பார்த்தார். எண்ணெய் படக் கூடாது, துணியால் துடைக்கக் கூடாது, குழலுக்குள் எதையும் விடக் கூடாது, கொடுத்தபடியே திரும்பி வந்தால் மீதி அத்தனையையும் படமெடுத்துக்கொள்ளலாம் என்றார். அமலன் வாக்குக் கொடுத்தான். அவனுக்கு அதில் விநோதமாக எதுவும் தெரியவில்லை. காலத்தால் படிந்த கறுப்பைத் துடைத்துவிட்டால் பழைய ஆயுதத்தின் மதிப்பே போய்விடும் என்பது அந்த உலகத்தில் எல்லோரும் அறிந்ததுதான்.

குழந்தையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எமல்டா சத்தத்தைப் பற்றிச் சொன்னபோது, குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே வந்த அமலன் சிரித்தான். இருநூறு வருஷத்துச் சாமான், உள்ளே துரு பெயர்ந்து உருளும் என்றான். அவன் மேஜையில் தடிமனான ஓர் ஆங்கில ஆதார நூல் கிடந்தது. முத்திரைகளின் படம் உள்ள பக்கங்களை மட்டும் புரட்டிப் புரட்டித் தையல் விட்டுப்போயிருந்தது. சேகரிப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் படிப்பார்கள். சாமானைக் கையில் வைத்துக்கொண்டு நேரே படத்துக்குப் போவார்கள். எமல்டா கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். முன்னுரையைத் தாண்டிப் போனால் அங்கே ஸ்கேலால் முட்டியில் விழும். அவள் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவது பத்தியிலேயே இருந்தது: வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற பழைய துப்பாக்கி எதுவானாலும், மருந்து உள்ளே இருக்கிறது என்றே எண்ணிக் கையாளுங்கள்; நனையாத மருந்து எத்தனை தலைமுறை போனாலும் தீப்பிடிக்கும்; மரக்குச்சியை விட்டு அளந்து பார்க்கும்வரை நம்பாதீர்கள்.

அவள் அதை உரக்கப் படித்த பிறகு அமலன் சிரிக்கவில்லை. வரதராஜுலுவுக்குப் போன் போட்டான். குழலுக்குள் ஒரு தடவை குச்சி விட்டுப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டான். உருளும் சத்தத்தையோ குழந்தையையோ பற்றி வாயே திறக்கவில்லை. அவர் கூடவே கூடாது என்றார். பிறகு, "காலையில நானே வந்து எடுத்துக்கிறேன். அதுவரைக்கும் குழல் வாயை வெளிச்சுவர்ப் பக்கமாத் திருப்பி வைங்க. யாரையும் கிட்ட விடாதீங்க" என்றார்.

அமலன் அதன்படியே துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். வாக்கு வாக்குதான், ஓர் இரவு கண் விழித்தால் முடிந்தது என்றான்.

மாடியில் குடியிருக்கும் அவன் தம்பி பிரிட்டோ சத்தம் கேட்டு இறங்கி வந்தான். அது இந்தக் கூரைக்குக் கீழே ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது, துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் கொண்டுபோய் வரதராஜுலு வாசலிலேயே வைத்துவிட்டு வருகிறேன் என்று நின்றான்.

"வழியில பஸ் ஸ்டாண்டு இருக்கு தம்பி. அங்கேயும் பிள்ளைங்கதான் நிக்கும்" என்றாள் எமல்டா.

"அதுக்காக? வீட்டுலயே வெச்சுக் கொஞ்சச் சொல்றீங்களா அண்ணி?"

அண்ணனும் தம்பியும் வாசலில் வாதாடிக்கொண்டிருக்க, எமல்டா ரியாவை மாடியில் விட்டுவிட்டு, அரிசி டின்னுக்குள் இருந்த மாற்றுச் சாவியால் பீரோவைத் திறந்தாள். கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் துப்பாக்கியை வைத்தாள். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் குழலுக்குள் மெதுவாக விட்டாள். முட்டிய இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து, குச்சியை எடுத்துக் குழலின் வெளிப்புறம் வைத்து அளந்தாள். தீ உள்ளே போகிற சிறு துளைக்கு மூன்று விரல் முன்பே குச்சி நின்றிருந்தது. இடையில் மருந்து இருந்தது. குழலை நிமிர்த்திப் பிடித்து, செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். துளை வழியாகக் கறுப்பாய்க் கசிந்தது. கவிழ்த்துத் தட்டியபோது, குழல் வாயோரம் தடுத்திருந்த துருக் கட்டி பெயர்ந்து, அதன் பின்னாலேயே ஓர் ஈயக் குண்டு கல்லில் விழுந்தது.

துப்பாக்கி இனி துருப்பிடிக்கும். அமலனின் கையேட்டுக்கு இனி படம் கிடையாது. அவன் வாக்கைக் காத்தான். தம்பி ஆபத்தை வீட்டை விட்டு வெளியேற்றப் பார்த்தான். எமல்டாவோ தனக்குச் சொந்தமில்லாத பொருளையும், தான் கொடுக்காத வாக்கையும் சேர்த்துக் கெடுத்தாள். படிக்கிறவர்களே, இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: எமல்டா செய்ததுதான். பிரிட்டோ ஆபத்தை இடம் மாற்றப் பார்த்தானே தவிரக் குறைக்கவில்லை. அமலனைக் கட்டியது வாக்கே அல்ல. யாரும் எதுவும் சொல்லாதபோதே, குழல் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொல்ல வரதராஜுலுவுக்கு எப்படித் தெரிந்தது? என்றோ கெட்டித்த மருந்து கெட்டித்தபடியே இருக்கிறது என்பதுதான் அவருடைய பெருமை. அதற்காகத்தான் குச்சி விடக் கூடாது என்றார். மறைத்து வாங்கிய வாக்கு யாரையும் கட்டாது. மறுநாள் காலை அவர் வந்தார். துருவேறிய குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குண்டைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் ஊற்றியது யார் என்று மட்டும் கேட்டார். "நான்தான்" என்றான் அமலன். இனி என் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்றார் அவர். சரி என்று சொல்லி, அவர் காரில் ஏறும்வரைகூட நிற்காமல் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டான்.