பாதி அத்திப்பழம்

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், ஓர் அரசர் தன்னந்தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அரண்மனை வழக்கம் அப்படி. அரசர் முன்னால் வேறு யாரும் ஒரு பருக்கைகூட வாயில் வைக்கக் கூடாது. ராணி ஒருத்திக்குத்தான் அந்த உரிமை. அவள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆயிற்று. அவ்வளவு பெரிய கூடத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும், சொல்லுங்கள்.

அரசர் இளைத்துப்போனார். முகம் வெளுத்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. மலச்சிக்கல் வேறு, அதைச் சபையில் சொல்ல முடியுமா? வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார்.

"மகாராஜா, தினம் பத்து அத்திப்பழம் சாப்பிடுங்கள். ரத்தம் ஊறும், வயிறு இளகும், எலும்புக்கும் பலம். ஒரு நாளில் ஆகிற காரியமில்லை. விடாமல் சாப்பிட வேண்டும்."

பழம் தினமும் வந்தது. தினமும் அப்படியே திரும்பிப் போனது.

மந்திரி வல்லபராயருக்கு விகடகவி ஆவுடையப்பனைக் கண்டாலே ஆகாது. அவர் சபையில் எழுந்தார். "பிரபு, தங்களைச் சிரிக்க வைத்தே பேர் வாங்கியவர், தங்களைச் சாப்பிட வைக்க மாட்டாரா? எட்டு நாள் கெடு கொடுங்கள். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

அரசருக்கு எரிச்சல். "நல்லது. எட்டாம் நாள் தட்டு காலியாக வேண்டும், ஆவுடையப்பா. ஆனால் 'சாப்பிடுங்கள்' என்று மட்டும் சொல்லாதே. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது."

"பழத்தை எறியவும் கூடாது" என்று மந்திரி தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

"உத்தரவு. விஷம் இருக்கிறதா என்று தங்கள் உணவைத் தின்று சோதிக்கும் வேலையை மட்டும் எட்டு நாளைக்கு எனக்குக் கொடுங்கள்" என்றான் ஆவுடையப்பன்.

மறுநாள் அவன் அரசருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஒரு பழத்தைப் பிட்டு, உள்ளே இருந்த கொசுவை ஊதித் தள்ளி, பாதியை வாயில் போட்டுக்கொண்டான். மறுபாதியை அரசர் பக்கம் வைத்தான். அடுத்த பழம். அதற்கடுத்தது.

சேதி கேட்டு மந்திரி ஓடி வந்தார். "அரசர் முன்னிலையில் தின்கிறாயா? இது குற்றம்."

"தின்னவில்லை ஐயா, சோதிக்கிறேன். குழம்பென்றால் ஒரு கரண்டி போதும். அத்திப்பழம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தோலை மூடிக்கொண்டிருக்கிறதே. ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதற்கு நான் எப்படி ஜாமீன் நிற்பது?"

"சமையற்கட்டிலேயே சோதிக்கலாமே."

"பிட்ட பழம் இங்கே வருவதற்குள் இன்னொரு கொசு புகுந்தால்? பொறுப்பு தங்களுடையதா?"

மந்திரி வந்த வழியே திரும்பிப் போனார்.

இரண்டு நாள் அரசர் தொடவில்லை. ஆவுடையப்பன் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு எதிரே ஒரு வாய் அசைவது அவருக்கு என்னவோ போலிருந்தது. மூன்றாம் நாள் ஆவுடையப்பன் ஒரு பழத்தை மென்றபடி கண்ணை மூடினான்.

"அவ்வளவு இனிப்பா?" என்றார் அரசர்.

"என் பாதி இனிப்பு, மகாராஜா. தங்கள் பாதியைப் பற்றி எனக்கென்ன தெரியும்?"

அரசர் எடுத்து வாயில் போட்டார். அதன் பிறகு எந்தப் பாதி இனிப்பு என்று தினமும் தர்க்கம்தான். எட்டாம் நாள் தட்டு காலி.

மந்திரி தட்டைத் தூக்கி அடியிலும் பார்த்தார். "பிரபு, பத்துப் பழத்தில் பாதியை இவனே விழுங்கிவிட்டான்!"

"அதனாலென்ன, நாளை முதல் இருபது கொண்டுவரச் சொல்லும்" என்று அரசர் சிரித்தார். ராணி போனதற்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். "ஆவுடையப்பா, என்ன வேண்டும், கேள்."

ஆவுடையப்பன் காலித் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"மகாராஜா, நாளைக்குப் பழைய ஆள் சோதிக்க வந்துவிடுவார். நான் வீட்டுக்குப் போனால் அங்கே என் எதிரே உட்கார ஆளில்லை. வீட்டுக்காரி போய் நாலு வருஷம். சிரிக்க வைக்கிறவன் என்பதால் யாரும் விசாரிக்கவில்லை."

அரசரின் சிரிப்பு நின்றது. "எனக்கு ஒரு வருஷமே தாங்கவில்லையே. நாலு வருஷம் எப்படியடா தாங்கினாய்?"

"தாங்கவில்லை, மகாராஜா. உங்களுக்கு அத்திப்பழம் பிட்ட இந்த எட்டு நாள்தான் எனக்குப் பசித்தது."

அரசர் எழுந்து அவன் தோளைப் பிடித்துத் தம் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு சமையற்காரனைக் கூப்பிட்டார்.

"இவனுக்கும் இங்கேயே இலை போடு. தினமும் போடு. இதுதான் இவனுக்கு நான் கொடுக்கும் பரிசு. சீக்கிரம், சோறு ஆறுகிறது."