மலை தாண்டும் காருக்கு என்ன ஒயில்?

“மலை தாண்டிப் போகவேணும். என்ன எஞ்சின் ஒயில் விடுறது?” என்று கிருபாகரன் கேட்டார்.

நளாயினி ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். குரல் மட்டும் வந்தது.

“எந்தக் காருக்கு, அண்ணை?”

“என்ரை காருக்கு.”

நளாயினி வெளியே உருண்டு வந்தார். கிருபாகரனிடம் கார் இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

நோர்வேயின் வடக்கே, கடலோரச் சிறு நகரம் ஒன்றில் நளாயினி கராஜ் நடத்திவந்தார். கிருபாகரன் அங்கே வேலை பழக வந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மீன் தொழிற்சாலையின் ஈரத்தில் நின்று நின்று முழங்கால் கெட்டுப்போயிருந்தது. நளாயினிக்கு அவரைவிட வயது குறைவு. அவர் இவரை அண்ணை என்றார். வேலை பழக்குகிறவர் என்பதால் இவர் அவரை ரீச்சர் என்றார். பகிடியாகத் தொடங்கியது. பிறகு அதில் பகிடி இல்லாமல் போனது.

இருவரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒரு பழைய நீலக் கார் நின்றது. டர்போ பூட்டியது.

“நல்ல கார். எங்க போறீங்கள்?”

“கிருனாவுக்கு.”

கிருனா மலைக்கு அந்தப் பக்கம், சுவீடனில் இருந்தது. அங்கே சுரங்கத்தில் அவருடைய மகள் தர்சிகா பொறியியலாளராக இருந்தாள்.

நளாயினி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கதை ஊரிலிருந்த தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும்.

கிருபாகரனின் மனைவி தவமலர் நோயில் விழுந்தபோது தர்சிகா தெற்கே பல்கலைக்கழகத்தில் இருந்தாள். கடைசிப் பரீட்சை நேரம். பிள்ளை குழம்பிவிடுவாள் என்று அவளுக்குச் சொல்லவில்லை. சின்னக் காய்ச்சல் என்றார்கள். அம்மா நித்திரை என்றார்கள். பரீட்சை முடிந்து அவள் விமானம் ஏறி வந்தாள். தாயின் சவப்பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். அது ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்தது.

தர்சிகா சத்தம் போடவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திவசத்தன்று மட்டும் போன் வரும்.

“சாப்பிட்டீங்களோ, அப்பா?”

“ஓம்.”

“சரி.”

அந்த “சரி”க்குப் பிறகும் கிருபாகரன் போனைக் காதிலேயே வைத்திருப்பார்.

காலையில் எழுந்ததும் அவர் முதலில் பார்ப்பது கிருனாவின் வானிலையை. அங்கே எவ்வளவு குளிர், காற்று எந்தப் பக்கம், பனி விழுமா. அதற்குப் பிறகுதான் தன் ஊருக்கு என்ன என்று பார்ப்பார்.

“தடிச்ச ஒயிலா விடுவம், ரீச்சர்,” என்றார் இப்போது. “ஊரில, வன்னியில வான் வண்டி ஓடின காலத்தில தடிச்சதுதான் விடுவன். நல்லாக் காக்கும்.”

“காரோட வந்த புத்தகம் என்ன சொல்லுது?”

“அது மெல்லிசைத்தான் சொல்லுது. எனக்கு மனம் வரேல்லை. தண்ணி மாதிரிக் கிடக்கு. டர்போ சூட்டில அது நிக்குமோ?”

நளாயினி அலுமாரித் தட்டிலிருந்து இரண்டு போத்தல்களை எடுத்தார். ஒன்றில் 15W-40 என்று இருந்தது. மற்றதில் 0W-30. இரண்டையும் வெளியே கொண்டுபோய்ப் பனிக்குள் கழுத்தளவு புதைத்தார்.

“நாளைக்குக் கேளுங்கோ.”

சூரியன் தலைகாட்டாத மாதம் அது. மறுநாள் வேலைக்கு வந்தபோது வானத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் நீலம் இருந்தது. மூக்கு மயிர் விறைக்கும் குளிர்.

“ரெண்டையும் ஊத்துங்கோ,” என்றார் நளாயினி.

கிருபாகரன் ஒரு வாளிக்கு மேலே தடித்த ஒயில் போத்தலைக் கவிழ்த்தார். ஒன்றும் வரவில்லை. குலுக்கினார். வாயில் ஒரு கட்டி எட்டிப்பார்த்தது, அங்கேயே நின்றது.

மற்றதைக் கவிழ்த்தார். அது வழிந்து ஓடி வாளியின் அடியைத் தொட்டது.

தடித்தது இன்னும் போத்தலின் வாயிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

“முன்னுக்கு நிக்கிற எண் குளிருக்கு,” என்றார் நளாயினி. “அது சின்னதெண்டால் குளிரில கெதியா ஓடும். பின்னுக்கு நிக்கிறது சூட்டுக்கு.”

“அப்ப சூட்டில முப்பதைவிட நாப்பதுதானே திறம்?”

“சூடு பிறகு வரும். முதல்ல குளிர் இருக்கே, அண்ணை.”

கிருபாகரன் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இவ்வளவு வருசம் போகாத ஆள். இப்ப, இந்தக் குளிரில, ஏன்?” என்றார் நளாயினி.

கிருபாகரன் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“வயித்தில ஒரு கட்டி. வெட்டிப் பாக்கப்போகினம். அதுக்கு முதல் ஒருக்கா அவளைப் பாத்திட்டு வருவம் எண்டு.”

“அவவுக்குச் சொல்லப்போறீங்களோ?”

“இல்லை. என்னெண்டு தெரியட்டும். இப்ப சொன்னால் குழம்பிப்போவாள். அங்க தனியா இருக்கிறாள். சும்மா முகத்தைப் பாத்திட்டு வாறன்.”

நளாயினி உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு டர்போ இருந்தது. யாரோ ஒருவருடைய காரிலிருந்து கழற்றியது. எஞ்சினுக்குள் காற்றை அடித்து ஏற்றும் அந்தச் சின்னச் சுழலியை அவர் கிருபாகரனின் உள்ளங்கையில் வைத்தார்.

“சுத்திப் பாருங்கோ.”

சுற்றினார். தண்டு ஆடியது. உரசி உரசி ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. எரிந்த இடம் நீலம் பாரித்துக் கிடந்தது.

“ஒயில் இல்லாம ஓடியிருக்கு,” என்றார்.

“ஒயில் இருந்தது.”

“பழசோ?”

“புதுசு. தடிச்சது. அளவாவும் இருந்தது. கார்க்காரர் நல்ல கவனமான ஆள்.”

“அப்ப ஏன்?”

“ஒவ்வொரு நாளும் விடியக்காலைக் குளிரில ஸ்டார்ட் பண்ணின உடன ஓடினவர். டர்போ உடனே சுத்தத் தொடங்கியிட்டுது. ஒயில் கீழ கிடந்தது.”

“மேல வரேல்லையோ?”

“வந்தது, அண்ணை. பிந்தி வந்தது.”

கிருபாகரன் டர்போவைக் கீழே வைக்கவில்லை. குளிர்ந்த இரும்பு கையில் ஒட்டிக் கடித்தது. அப்போதும் வைக்கவில்லை.

வெளியே பனி தள்ளும் வண்டி ஒன்று போனது. அதன் சத்தம் துறைமுகம் வரை போய் ஓய்ந்தது.

“ரீச்சர்.”

“ம்.”

“அவளுக்கு எப்பிடிச் சொல்லுறது?”

“நான் மெக்கானிக், அண்ணை. உது எனக்குத் தெரியாது,” என்றார் நளாயினி. ஒயில் இறக்கும் தட்டைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டார். “கீழ போங்கோ. பழசை இறக்குவம்.”

கிருபாகரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு காருக்கு அடியில் போனார். பழைய ஒயில் கறுப்பாக, அவசரமில்லாமல் இறங்கியது. கடைசிச் சொட்டு வரை காத்திருந்தார். வடிகட்டியை மாற்றினார். மெல்லிய ஒயிலைத் தன் கையாலேயே ஊற்றினார்.

“எடுத்த உடன மிதிக்காதேங்கோ,” என்றார் நளாயினி. “எஞ்சின் சூடாகுமட்டும் மெதுவாப் போங்கோ.”

“எவ்வளவு தூரம்?”

“கார் சொல்லும்.”

மத்தியானம் அவர் காருக்குள் இருந்து மகளுக்குப் போன் எடுத்தார். திவசம் இல்லாத ஒரு நாள்.

“அப்பா? என்ன நடந்தது?”

“நான் அங்க வரட்டோ?”

அந்தப் பக்கம் ஜன்னல் திரை இழுபடும் சத்தம் கேட்டது.

“பனி கடுமை, அப்பா.”

“கார் இருக்கு.”



“முன் வாசலால வராதேங்கோ,” என்றாள் தர்சிகா. “ஸ்னோ குவிஞ்சு கிடக்கு. பின்பக்கத்தால வாங்கோ.”

சனிக்கிழமை கிருபாகரன் புறப்பட்டார்.

சாவி திருகியதும் எஞ்சின் முனகாமல் பிடித்தது. மிதிக்கவில்லை. கடற்கரை வீதியால் மெதுவாக ஊர்ந்தார். பின்னால் வந்தவர்கள் முந்திப் போனார்கள். விட்டுக்கொடுத்தார்.

பிறகு ஏற்றம் தொடங்கியது. கார் இழுத்தது. இரண்டு பக்கமும் வெள்ளை. வீதி எது, மலை எது என்று காட்டுவதற்கு ஓரத்தில் நட்ட தடிகள் மட்டும். எல்லையில் ஒருவரும் இல்லை.

மலை உச்சியில் அவர் பேசிப் பார்த்தார். “மகள், நீ பயப்பிடாத,” என்றார் கண்ணாடியைப் பார்த்து. நன்றாக இல்லை. “ஒரு சின்ன விசயம்,” என்றார். அதுவும் நன்றாக இல்லை. “தர்சிகா,” என்று கூப்பிட்டார். பெயரைச் சொல்லி எவ்வளவு காலம். போனில் பெயர் தேவைப்பட்டதில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டே இறக்கத்தில் இறங்கினார்.

கிருனாவில் அவள் இருந்த கட்டடத்தின் பின்பக்கம் ஒரு விளக்கு எரிந்தது. அதன் கீழே பெரிய ஜாக்கெட்டில் ஒருத்தி நின்றாள். தொப்பி போடவில்லை. தலைமயிரில் பனி கட்டியிருந்தது. கனநேரம் நின்றிருக்கவேண்டும்.

கார் நிற்கும் முன்பே முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். சூடு வரும் துவாரத்தில் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

பக்கவாட்டில் பார்த்தால் தாயின் அதே முகவாய். அவர் அதை மறந்திருந்தார்.

“மேல வாங்கோ, அப்பா. சோறு வைச்சிருக்கிறன்.”

“இரு. முதல்ல ஒண்டு சொல்லவேணும்.”

அவள் திரும்பினாள்.

“எனக்கு வயித்தில ஒரு கட்டி. என்னெண்டு இன்னும் தெரியாது. வாற கிழமை வெட்டிப் பாப்பினம்.”

தர்சிகா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். வைப்பர் ஒரு தரம் போய் வந்தது.

“பயமா இருக்கோ?”

“ஓம்.”

“நான் ஆஸ்பத்திரிக்கு வாறன்.”

“உன்ரை வேலை...”

“வாறன் எண்டுறன்.”

கிருபாகரன் தலையாட்டினார். எஞ்சினை நிறுத்தக் கையை நீட்டினார். அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் இன்னும் சூடாகவில்லை.

“நிப்பாட்டாதேங்கோ. கொஞ்சம் இருப்பம்.”

இருந்தார்கள்.

“அம்மாவுக்கு வருத்தம் எண்டு தெரிஞ்ச அண்டைக்கு என்ன நடந்தது?” என்றாள். “நீங்கள் சொல்லவே இல்லை. நானும் கேக்கேல்லை.”

அவர் சூட்டைக் கொஞ்சம் கூட்டினார். அவள் காத்திருந்தாள்.

“ஆஸ்பத்திரி வாசல்ல நிண்டம். கொம்மா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ.”

“என்ன சொன்னவ?”

“ ‘பிள்ளைக்குச் சொல்லுவமோ’ எண்டு கேட்டவ. ‘பரீட்சை முடியட்டும்’ எண்டு நான்தான் சொன்னனான்.”